இரண்டாவது ஆள்

மார்ச் 4

என் முதுகை ஒடித்தது ஆறாவது வார்டு ட்யூட்டி மேசை. விபத்து இல்லை, கவனக்குறைவு இல்லை, விதியும் இல்லை. நான் அங்கே ஆயா. நோயாளியைத் தூக்க ஒன்பதாம் கட்டிலுக்கு இரண்டாவது ஆள் கேட்டேன். "வந்துட்டே இருக்காங்க" என்றார்கள். யாரும் வரவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் 'முதுகெலும்புத் தட்டு விலகல்' என்று போட்டிருக்கிறார்கள், ஏதோ அதுவாகவே மனம் வெறுத்து விலகிப் போனதைப் போல.

ஆபரேஷன் முடிந்து இன்று வீட்டுக்கு வந்தேன். குனியக் கூடாது. எதையும் தூக்கக் கூடாது. ரொம்ப நேரம் உட்காரக் கூடாது. நடக்கலாம், படுக்கலாம்.

"ராணி வாழ்க்கைதான் போ" என்றாள் அம்மா. பள்ளிக்கூடக் கழிப்பறைகளைக் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைக் கூட்டிவந்தவள். கையில் இன்னும் ஃபினாயில் வாசனை. ராணியின் தாய்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த கம்பி அறுந்துவிட்டது. இடது காலில் வலி இல்லை. கண் விழித்ததும் முதலில் அதைத்தான் கவனித்தேன். அழுதுவிட்டேன் போல. நர்ஸ் துடைத்துவிட்டாள்.

மார்ச் 6

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து மேலே ஏறிக்கொண்டே போகிறது.

முதுகைச் சாய்த்து உட்காரவைத்த நோயாளி கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிலின் கால்மாட்டுக்குச் சரிந்துவிடுவார். மறுபடி மேலே இழுக்க வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. இடுப்புக்குக் கீழே மடித்துப் போட்ட போர்வையை இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி பிடிக்க வேண்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணி, மூணில் சேர்ந்து இழுக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். வார்டுக்கு வந்த பிறகு அந்தப் பக்கம் யாரும் இருந்ததில்லை.

தனியாக இழுக்கும்போதும் நான் வாய்விட்டு எண்ணுவேன். யாருக்காக எண்ணினேன்?

ஒன்பதாம் கட்டில் பெரியவரைக் கப்பல் என்போம். அவரே வைத்துக்கொண்ட பேர். ஆள் அப்படி. அசைத்தால், "கப்பல் கிளம்பிடுச்சு, எல்லாரும் ஒதுங்குங்க" என்பார். தனியாக இழுக்கும்போது என் கழுத்தைக் கட்டிக்கொள்வார். "கவலைப்படாதே பாப்பா, நான்தான் உன் ரெண்டாவது ஆள்." மூணை அவரே சொல்வார். உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்தார். அவருடைய மொத்த எடையும் என் கழுத்தில் தொங்கியபோதுதான் இடுப்பில் அந்தச் சத்தம் கேட்டது.

மார்ச் 9

நடந்தேன். தெருமுனை வரை. திரும்பி வந்து தூங்கிவிட்டேன்.

மார்ச் 15

கால் திரும்பவும் படுத்த ஆரம்பித்துவிட்டது. பழைய வலி இல்லை, இது வேறு. கெண்டைக்கால் வெளிப்பக்கத்திலும் பாதத்தின் மேலேயும் எரிகிறது. போர்வை பட்டால் உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி. சில நேரம் எறும்பு. சில நேரம் யாரோ குளிர்ந்த தண்ணீரை ஊற்றியதைப் போல் இருக்கும். தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தோம். நரம்பு விழித்துக்கொள்ளும்போது இப்படி எரிவது உண்டாம், மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள். சிறுநீர் போவதில் தகராறு வந்தாலோ, கால் பலம் குறைந்தாலோ உடனே ஓடி வர வேண்டுமாம். அம்மா முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு முறை கழிப்பறைக்குப் போய் வரும்போதும் வாசலில் நிற்கிறாள். "போச்சா?"

இருபத்தாறு வயதில் அம்மாவுக்கு இந்தக் கணக்கு ஒப்புவிக்கிறேன்.

மார்ச் 18

ராக்கெட் வந்தாள். என் ஷிஃப்ட்டில் இருக்கும் இன்னொரு ஆயா. வார்டிலேயே மெதுவாக நடப்பவள், அதனால் அந்தப் பேர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும் என் காலைப் பிடித்துப் பார்த்தாள்.

"எரியுதா?"

"எரியுது."

"எரியட்டும். எரிஞ்சா உசுரு இருக்குன்னு அர்த்தம்."

இப்போது ஒன்பதாம் கட்டிலும் அவளுக்குத்தான். கப்பல் என்னை விசாரித்தாராம். "என் ரெண்டாவது ஆளு எங்கே போனா?" என்று.

"நீ எப்படி இழுக்கிறே?"

"எப்படி இழுப்பாங்க? சாமியைக் கூப்பிட்டு இழுக்கிறேன்."

"மேசைக்குப் போன் பண்ணேன்."

"பண்ணினேனே. வந்துட்டே இருக்காங்களாம். எந்த ஊர்லேருந்து வர்றாங்கன்னு தெரியலை."

சிரித்தோம். சிரித்தால் தையல் இழுக்கிறது. எழுந்திருக்கும்போது அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தாள். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள்.

மார்ச் 23

ஹெட் சிஸ்டர் போன்.

"எப்படிம்மா இருக்கே? உன் இடத்தை நான் காலியா வச்சிருக்கேன். மேலே இருக்கறவங்களை எவ்வளவு நாள் சமாளிக்க முடியும்னு தெரியலை. மே வந்துட்டா புது ஆள் எடுத்துடுவாங்க."

"வந்துடுவேன் சிஸ்டர்."

"வலி எப்படி?"

"கொஞ்சம் எரிச்சல்."

"வலி போனதும் வந்துடு. வலி இல்லேன்னா நீ ஃபிட்."

எங்கள் வேலையில் அதுதான் சட்டம். வலித்தால் விடுப்பு, வலிக்காவிட்டால் ட்யூட்டி. நடுவில் வேறு எதுவும் கிடையாது.

மார்ச் 29

எரிச்சல் நின்றுவிட்டது!!

காலையில் போர்வை பட்டது தெரியவே இல்லை. கிள்ளிப் பார்த்தேன். வலிக்கவில்லை. பாதத்தின் மேல்புறம், கட்டைவிரல், கெண்டைக்கால் ஓரம் எல்லாம் அமைதி. அம்மாவை எழுப்பிச் சொன்னேன். அவள் என் காலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சும்மா இரும்மா" என்றேன். 

ராக்கெட்டுக்கும் ஹெட் சிஸ்டருக்கும் செய்தி அனுப்பினேன். வலி போச்சு.

ஏப்ரல் 2

செருப்பு கழன்றுகொண்டே இருக்கிறது. இடது மட்டும். நான் நாலு எட்டு வந்துவிடுகிறேன், அது வாசலிலேயே நிற்கிறது.

"உன் செருப்புக்கு உன்கூட வர இஷ்டம் இல்லை போல" என்றாள் அம்மா.

வார் தளர்ந்திருக்கும். ஊக்கு குத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 5

செக்கப். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை, தனியாகப் போனேன். வரிசை கட்டடத்துக்கு வெளியே வரை நின்றது. ஆபரேஷன் செய்த டாக்டர் தையலைப் பார்த்தார். நன்றாக ஆறியிருக்கிறது என்றார். கதவுக்கு வெளியே அடுத்தவர் இருமிக்கொண்டிருந்தார். டாக்டரின் பேனா அடுத்த சீட்டின் மேல் வந்துவிட்டது.

"கால் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன் டாக்டர்."

"வலி?"

"இல்லவே இல்லை டாக்டர்."

"குட். பிசியோதெரபிக்கு எழுதறேன். மே முதல் வாரம் வாங்க, வேலைக்குப் போறதைப் பத்திப் பேசலாம்."

மே முதல் வாரம். நேரத்துக்குப் போய்விடலாம்.

பஸ்ஸில் ஏறும்போது படியில் கால் இடறியது. கண்டக்டர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "பாத்தும்மா, மேலே பாத்து ஏறாதே." கீழே பார்த்துத்தான் ஏறினேன்.

ஏப்ரல் 11

வீட்டு வாசலில் விழுந்தேன். மிதியடி. அம்மா மிதியடியைத் திட்டிக்கொண்டே தூக்கிப் போய் வெளியே எறிந்தாள்.

ஏப்ரல் 12

சமையலறையில் விழுந்தேன். அங்கே மிதியடி இல்லை.

 ராத்திரி சாப்பிடும்போது, என் முகத்தைப் பார்க்காமல் அம்மா கேட்டாள்: "நீ நடந்தா ஒரு கால் மட்டும் ஏன்டி டப்பு டப்புன்னு சத்தம் போடுது?"

எத்தனை நாளாக அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்கிறது என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 16

இன்றுதான் பிசியோவில் இடம் கிடைத்தது. என் வயதுப் பெண். கையில் டால்கம் பவுடர், தலையில் பேனா செருகியிருந்தாள். வந்ததும் நோட்டைப் பார்க்காமல் என் செருப்பை எடுத்துப் பார்த்தாள். இடது செருப்பின் முன்பக்கம், கட்டைவிரல் இருக்குமிடம், சீவிவிட்டதைப் போலத் தேய்ந்திருந்தது.

"குதிகால்ல நடங்க பாக்கலாம். முன்பாதம் தரையில படக் கூடாது."

வலது கால் நின்றது. இடது பாதம் தொங்கியது. தூக்கு என்று சொல்கிறேன், எனக்கே கேட்கிற மாதிரி சொல்கிறேன், அது யாருக்கோ சொன்னதாக நினைத்துச் சும்மா இருக்கிறது. என் கால்தான். ஆனால் என் கால் இல்லை. மாத்திரைக் கவர் மாதிரி, ஈரத் துண்டு மாதிரி ஏதோ ஒன்று.

 அவள் ஊசி முனையால் பாதத்தின் மேல் தொட்டாள்.

"இங்கே? இங்கே? இது தெரியுதா?"

"தொடுங்க, சொல்றேன்."

"தொட்டுட்டுத்தாங்க இருக்கேன்."

ஏப்ரல் 17

நேற்று அவளே என்னைக் கீழே கூட்டிப் போய் டாக்டர் முன்னால் நிறுத்தினாள். அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். தட்டின் இன்னொரு துண்டு பிதுங்கி அதே நரம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

"எரிச்சல் எப்ப நின்னுது?" என்று கேட்டார் டாக்டர்.

"போன மாசம் கடைசியில. அப்புறம் செருப்பு கழல ஆரம்பிச்சுது."

"நின்னது குணமாகி இல்லைம்மா. நரம்பு கத்திக் கத்தி ஓய்ஞ்சு போச்சு. செருப்பு கழன்றப்பவே வந்திருக்கணும். நீங்க ஆஸ்பத்திரியில வேலை செய்யறவங்க. அன்னிக்கு என்கிட்ட நல்லா இருக்கேன்னு சொன்னீங்களே?"

சொன்னேன். நாளைக்கு மறுபடி ஆபரேஷன். பாதம் எழுமா என்று கேட்டேன். எழலாம் என்றார். எழாமலும் போகலாம்.

ஏப்ரல் 18, காலை

பச்சை கவுனோடு காத்திருக்கிறேன். தூக்கம் வரவில்லை, கோபம் வருகிறது.

நல்லா இருக்கேன் டாக்டர். இதை எங்கே படிச்சேன்? பள்ளிக்கூடத்திலயா? ஆறாவது வார்டுல படிச்சேன். ரவுண்ட்ஸ் வரும்போது ஒவ்வொரு கட்டில் பக்கத்துலயும் நிப்போம். டாக்டர் நோயாளியைப் பாக்க மாட்டார், எங்களைப் பாப்பார். "எப்படி இருக்கார்?" "நல்லா இருக்கார் டாக்டர்." அடுத்த கட்டில். யாராவது ஒருத்தி, "ராத்திரி சரியா மூச்சு விடலை" என்று ஆரம்பித்தால் வரிசையே நின்றுவிடும். ஹெட் சிஸ்டர் பின்னாலிருந்து முறைப்பார். ரவுண்ட்ஸ் முடிந்ததும், "உனக்கு என்ன டாக்டர்னு நெனப்பா?"

நாலு வருஷம் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். நாக்குப் பழகிவிட்டது. என் காலுக்கும் நானே ஆயாவாக நின்று, நல்லா இருக்கார் டாக்டர் என்று சொல்லி அடுத்த கட்டிலுக்கு அனுப்பிவிட்டேன்.

கூப்பிடுகிறார்கள்.

ஏப்ரல் 24

வீடு. அதே கட்டில், அதே ஒட்டடை. பாதம் இன்னும் தொங்குகிறது.

மே 3

கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அசையச் சொன்னேன். அசையவில்லை. திரும்பச் சொன்னேன். பக்கத்து வீட்டில் யாரோ சுவரில் ஆணி அடித்தார்கள். திரும்பச் சொன்னேன்.

மே 9

எரிகிறது. பாதத்தின் மேல், பழைய இடத்தில். அம்மாவிடம் சொன்னேன். இந்த முறை அவள் மாத்திரையைத் தேடவில்லை. "எரியுதா? நிஜமாவா?" என்று கேட்டுச் சிரித்தாள். என்ன குடும்பம் இது.

மே 21

கட்டைவிரல் அசைந்தது. காற்றில் ஆடியது என்றுதான் நினைத்தேன். ஃபேனை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். அசைந்தது.

பாதம் எழவில்லை. கால் பட்டை கொடுத்திருக்கிறார்கள். கெண்டைக்காலின் பின்னாலிருந்து உள்ளங்கால் வரை வளைந்த பிளாஸ்டிக், மேலே ஒட்டும் பட்டி. அதைப் போட்டால் பாதம் தொங்காது. ஆனால் எந்தச் செருப்பும் சேராது. இடதுக்கு ஒரு அளவு, வலதுக்கு ஒரு அளவு ஷூ வாங்க வேண்டும். கடைக்காரர், "ஜோடியை உடைச்சு விக்க முடியாதும்மா" என்றார்.

ஜோடியை உடைச்சுத்தானே எங்களை வேலைக்கு விடறாங்க என்று சொல்ல வந்தது. பெரியதாகவே ஒரு ஜோடி வாங்கி வலது பக்கம் துணி அடைத்துக்கொண்டேன்.

ஜூன் 12

ஹெட் சிஸ்டர் கூப்பிட்டனுப்பினார். வார்டுக்குள் பட்டையோடு நடந்தேன். டக், டக். கட்டில்களிலிருந்து தலைகள் திரும்பின. கப்பல் கையைத் தூக்கினார். இளைத்திருந்தாலும் கப்பல்தான்.

"பாப்பா! கால்ல என்ன, நங்கூரமா?"

"ஆமாங்கய்யா. நான் ஒரே இடத்துல நிக்கணும்னு கட்டிவிட்டிருக்காங்க."

அவர் சிரித்துவிட்டுப் பட்டையைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "என்னாலயா?"

"இல்லைங்கய்யா." இதைப் பொய் இல்லாமல் சொல்ல முடிந்தது.

வேலை உண்டாம். தூக்குகிற வேலை இல்லை. ட்யூட்டி மேசையில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டும், யார் எந்தக் கட்டிலுக்கு என்று அனுப்ப வேண்டும்.

"உனக்காக அட்மின் சார்கிட்ட எவ்வளவு பேசினேன் தெரியுமா?" என்றார் ஹெட் சிஸ்டர். "உட்கார்ந்த இடத்துல வேலை. எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

அந்த மேசை. அந்த நாற்காலி.

சரி என்றேன். வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு என் வீட்டில் சம்பாதிக்க ஓடும் கால்கள் இல்லை.

ஜூன் 15

முதல் நாள். போன் அடிக்கும். "நாலாம் கட்டிலுக்கு ஒரு ஆள்." பட்டியலைப் பார்ப்பேன். ஆள் இருக்காது. பகலில் ஆறாவது வார்டுக்கு நாலு ஆயா வேண்டும், இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். எப்போதும் இரண்டு பேர்தான் இருந்திருக்கிறார்கள். எனக்கு முன் இந்த மேசையில் இருந்தவள் எங்களை ஏமாற்றவில்லை, அனுப்ப அவளிடம் ஆளே இருந்ததில்லை. அதைச் சொல்லக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

எனக்கும் சொன்னார்கள். "இல்லைன்னு சொல்லாதே. வந்துட்டே இருக்காங்கன்னு சொல்லு. கேக்கிறவங்களுக்கு ஒரு தெம்பு."

நாலு முறை சொன்னேன் இன்று. நாலாவது முறை அந்தப் பக்கம் ராக்கெட். கேட்டதும் போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 16

 சாப்பாட்டு நேரத்தில் ராக்கெட் என் எதிரே உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, என்னைப் பார்க்காமல் சாப்பிட்டாள். எழும்போது இடுப்பில் கை. இந்த முறை எடுக்கவில்லை.

"வலி கால்ல இறங்குதா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கேன்" என்றாள்.

ஜூன் 19

இதை மேசையில் உட்கார்ந்தே எழுதுகிறேன். எழுந்துவிடாமல் இருக்கக் கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

சற்று முன் ராக்கெட் போன் செய்தாள். கப்பல் கட்டிலில் பாதி தூரம் சரிந்துவிட்டார், கால் கட்டில் கம்பியில் முட்டுகிறது. இரண்டாவது ஆள் வேண்டும். இன்னொருத்தி ஸ்கேனுக்கு நோயாளியோடு போயிருக்கிறாள்.

"ஆள் இல்லை" என்றேன்.

 அந்த வார்த்தையை இந்த மேசையிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

"அப்ப நான் இழுத்துடறேன்."

"இழுக்காதே. கம்பியை இறக்கிவிட்டு, காலுக்குத் தலையணை வை. ஆள் வர்றவரைக்கும் நீ இழுக்கக் கூடாது."

"யாரு வருவா?"

"கேக்கறேன்."

பின்னாலிருந்து கப்பலின் குரல்: "பாப்பாகிட்ட சொல்லு, நான்தான் ரெண்டாவது ஆளு!" ராக்கெட் அவரிடம் சொன்னது கேட்டது: "ஐயா, நீங்க கப்பல். பேசாம மிதங்க."

அட்மின் சாரைக் கூப்பிட்டேன். "யாரையாவது அனுப்பு" என்றார். "யாரை சார்? பேர் சொல்லுங்க" என்றேன். வைத்துவிட்டார்.

ஹெட் சிஸ்டர் வந்தார். "என்ன நடக்குது? ஒன்பதாம் கட்டில்காரர் அங்கே கத்திட்டிருக்கார். நீ போய் ஒரு கை கொடுத்துட்டு வந்துடேன்."

"நான் தூக்கக் கூடாது சிஸ்டர்."

"தூக்கவா சொன்னேன்? சும்மா போர்வையைப் பிடிச்சுக்க."

"நீங்க பிடிங்க சிஸ்டர். உங்களுக்கும் ரெண்டு கை இருக்கு."

முகம் சிவந்து, "உனக்கு இரக்கமே இல்லையா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டார். இருக்கிறது. அது இருப்பது அவர்களுக்குத் தெரியும். அதை வைத்துத்தான் இத்தனை வருஷமாக வார்டை ஓட்டுகிறார்கள்.

போய்ப் பிடித்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். கப்பல் நிமிர்ந்துவிடுவார், ராக்கெட் சிரிப்பாள். அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். என் வலது கால் இரண்டு முறை தானாக எழுந்துவிட்டது. இடது கால் எழவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அதற்கு நன்றி சொன்னேன்.

வார்டுக்குள்ளிருந்து கப்பல் மறுபடி கூப்பிடுகிறார். குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

அட்மின் அறைக்குத் திரும்பவும் அடித்தேன். எடுத்தார். ஹலோ சொல்லவில்லை. ஃபேன் சத்தமும் அவர் மூச்சும் கேட்கின்றன. வைக்கவும் இல்லை. ரிசீவரைக் காதோடு தோளில் இடுக்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, இதே போனில் மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்:

"ஒன்பதாம் கட்டிலுக்கு ரெண்டாவது ஆள் அனுப்புங்க."